குழாய்க்குள் ஒரு ரயில்

கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து மாமா அந்த அட்டைக் குழாயைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அக்கா வாசலிலேயே வழிமறித்தாள்.

“இது என்ன, பீரங்கியா?”

“உன் தங்கச்சி சண்டைக்குப் போறா. ஆயுதம் நான் சப்ளை.”

“வீட்டுல கால் நீட்ட இடமில்ல. எங்க வைக்கப் போறீங்க இத?”

“நீ இதுக்குள்ள படுத்துக்குவேன்னு பார்த்தேன். அளவு பத்தாது போல.”

அக்கா கையிலிருந்த ஈரத் துணியை அவர் முகத்தில் எறிந்தாள். குழாயைக் கீழே போடாமல் மாமா துணியைப் பற்களால் பிடித்துக்கொண்டார். குழாய் வேலைக்காரருக்கு இரண்டு கை எப்போதும் போதாது, வாயும் ஒரு கைதான்.

அக்காவின் தங்கை கூடத்தின் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து குழாயை விரல் முட்டியால் தட்டினாள். கீழே தட்டினாள், நடுவில் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள். வட்டத் தூண் வார்க்கும்போது கான்கிரீட்டைத் தாங்கும் கனமான அட்டை அது. ஒரு முனை மழையில் ஊறிவிட்டதால் கட்டடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊறிய பகுதியை வெட்டி எறிந்தால் சரியாக ஒரு மீட்டர் தேறும்.

“எப்படி?” என்றார் மாமா.

“ம்.”

“ம்-னா நல்லாருக்குன்னு அர்த்தமா, தூக்கிட்டுப் போன்னு அர்த்தமா?”

“நல்லாருக்கு.”

“ஒரே நாள்ல ரெண்டு வார்த்தை. இன்னைக்கு மழைதான்.”

மாமா தன் மச்சினிக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அவள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். அரை மில்லிமீட்டர் பிசகினால் யாரோ ஒருவருக்குத் தலை வலிக்கும் வேலை. வேலை முடிந்து வந்தால் புத்தகம். அந்த வீட்டில் எல்லாருடைய பங்கையும் சேர்த்து மாமாவே பேசிவிடுவதால், அவள் பேசாதது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. அவளுக்கும் படவில்லை. பேச்சு நின்ற பிறகுதான் ஒரு அறையில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிகிறது என்பது அவள் எண்ணம்.

அந்த எண்ணத்தை வைத்து அவள் ஒரு நாடகம் எழுதியிருந்தாள். பகலில் வேறு வேறு வேலை பார்க்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்த குழு ஒன்று அதைப் போடுகிறது. குழுவின் டைரக்டர் பகலில் மருந்துக்கடையில் உட்காருபவர். நாடகத்தின் கடைசிக் காட்சியில் கணவனும் மனைவியும் ஒரு மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்திருப்பார்கள். மனைவி கிளம்பப் போகிறாள், பெட்டி தயார். இரண்டு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு அடியில் சுரங்க ரயில் ஒன்று வரும், கடக்கும், போகும். அவ்வளவுதான் காட்சி. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் மற்ற முக்கால் மணி நேரத்தையும் அவள் எழுதினாள்.

போன வார ஒத்திகையில் அந்த ரயில் மானத்தை வாங்கிவிட்டது. சுரங்கப்பாதைச் சுவரில் மைக்கை ஒட்டி வைத்து, நாலு நாள் அலைந்து எடுத்த ஒலி அது. அரங்கிலிருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கரிலும் அது கொசு மாதிரி வந்தது. கணவனாக நடிப்பவன் அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துவிட்டான்.

டைரக்டர் அவளைத் தனியே அழைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துக் கவரை எடுத்தார். அதன் முதுகில் நாலு வரி எழுதியிருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்தா ஜனங்க இருமுவாங்க, போன் பார்ப்பாங்க. ரயில் நிஜமா வந்தாதான் அந்த மௌனம் நிக்கும். வரலைன்னா இத வச்சுக்கலாம்.”

அவள் வாங்கிப் படித்தாள்.

*ரயில் போகுது, கேட்குதா?*

*கேட்குது. நம்ம வாழ்க்கையும் இப்படித்தான் போகுது.*

*நீயும் போயிடுவியா?*

*ஸ்டேஷன் வந்தா இறங்கித்தானே ஆகணும்.*

அவளுக்குக் காது மடல் சூடேறியது. கவரை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“ரயில் வரும்.”

“எப்படி?”

“வரும்.”

“சனிக்கிழமை ஆறரைக்கு நாடகம். அஞ்சு மணிக்கு நான் கேட்பேன். வரலைன்னா இந்த நாலு வரி. நடிகைகிட்டயும் மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு.”

அவள் சும்மா சொல்லவில்லை. அந்த ரயில் பதிவில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நல்ல ஹெட்போனில் போட்டால் காதில் கேட்பதற்கு முன்னால் தாடையில் தெரிந்தது. வெளியே வரத்தான் வழியில்லை. அத்தனை தாழ்ந்த ஒலிக்குச் சப்வூஃபர் என்ற தனி ஸ்பீக்கர் வேண்டும். கடையில் விற்பதை வாங்கக் குழுவுக்குக் கட்டாது. ஆகவே கட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

உடைத்துப் போட்ட கார் ஒன்றிலிருந்து பத்து அங்குல ஸ்பீக்கர் கிடைத்தது. மூடிப்போன உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயர் வந்தது. பெட்டியாகச் செய்தால் பலகைகள் ஒலியோடு சேர்ந்து தாங்களும் அதிரும், உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுக்க வேண்டும், கனமும் செலவும் ஏறும். உருளைக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளிருந்து காற்று எவ்வளவு தள்ளினாலும் வட்டச் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தாங்கும். கான்கிரீட்டையே தாங்கும் அட்டை காற்றைத் தாங்காதா?

புதன்கிழமை மாலை பிளைவுட்டில் வட்டங்கள் வெட்டினாள். மேலுக்கு ஒரு மூடி, கீழுக்கு ஒரு மூடி, ஒவ்வொன்றும் இரண்டு அடுக்கு. வெட்டுவதற்கு முன் குழாயின் உள்விட்டத்தை எட்டுக் கோணத்தில் அளந்தாள். ஒரு வாக்கில் முப்பத்தைந்து சென்டிமீட்டர், அதற்குக் குறுக்கே நாலு மில்லிமீட்டர் அதிகம்.

“என்ன, முகம் சுருங்குது?” என்றார் மாமா.

“இதுக்குச் சிலிண்டர் பவர் இருக்கு.” கருவிழி ஒரு வாக்கில் நீண்டவர்களுக்குக் கண்ணாடிக் கடையில் எழுதும் அளவு அது.

“குழாய்க்குக் கண்ணாடி போடப் போறியா?”

அவள் சிரித்துவிட்டாள். மூடிகளையும் அதே நாலு மில்லிமீட்டர் நீட்டி அரத்தால் தேய்த்து, எந்தப் பக்கம் எதோடு சேர வேண்டும் என்று பென்சிலால் கோடிட்டு வைத்தாள். வியாழக்கிழமை கீழ் மூடியை ஒட்டி, ஸ்பீக்கரைத் தரையைப் பார்க்கும்படி எட்டுத் திருகாணியால் முடுக்கி, மூன்று குட்டைக் கால்கள் பொருத்தினாள். மிச்சம் மேல் மூடி. அதன் நடுவே நாலு அங்குலத் துளை, அதிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு பிவிசி குழாய். நீளம் நாற்பத்தேழு சென்டிமீட்டர். உருளைக்குள் அடைபட்ட காற்று அந்தக் குழாய் வழியாகத்தான் மூச்சு விடும். ரயிலின் அடிவயிறு அந்த மூச்சில்தான் இருக்கிறது. நீளத்துக்காக மட்டும் மூன்று தாள் கணக்குப் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடையில் வேலை குவிந்துவிட்டது. பைப் என்றால் மாமாவை விட்டால் யார்? படம் ஒன்று வரைந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். குழாய் இறங்குவதற்கு இரண்டு நேர்கோடு, அது முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் 47 என்ற எண். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. படத்துக்கு மேல் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

இரவு அவள் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. மேல் மூடி ஒட்டப்பட்டு, திருகாணி இறங்கி, விளிம்பைச் சுற்றிச் சிலிகான் பூசியிருந்தது. விரலால் இழுத்த தடம்கூட இல்லாத பூச்சு.

“தண்ணி ஊத்திக் கவுத்து வச்சாலும் ஒரு சொட்டுக் கசியாது,” என்றார் மாமா.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அரங்கத்தில் முதல் முறையாகப் போட்டுப் பார்த்தார்கள். பார்வையாளர்கள் உட்காரும் மரப் படிகளுக்கு அடியில் உருளையை நிறுத்தி, கறுப்புத் துணி சுற்றியிருந்தாள். ஆம்ப்ளிஃபயரைத் திருகினாள். ரயில் கிளம்பியது.

கொசு இல்லை. அது வரைக்கும் முன்னேற்றம். ஆனால் ரயிலும் இல்லை. யாரோ பக்கத்து வீட்டில் மெத்தையைத் தடியால் அடித்துத் தூசி தட்டுவதுபோல் தொம் தொம் என்று ஒரு சத்தம். கதவோரம் நின்றிருந்த டைரக்டர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சத்தம் நல்லாத்தானே இருக்கு?” என்றாள் அக்கா. அவளும் மாமாவும் உருளையைத் தூக்கிவர உதவிக்கு வந்தவர்கள். “கறி வெட்டுற மாதிரி இருக்கு.”

தங்கை கைப்பையிலிருந்து மெல்லிய காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து, மேல் மூடியின் துளைமீது விரித்து, மறுபடி ரயிலைப் போடச் சொன்னாள். காகிதம் படபடத்துத் துள்ள வேண்டும். அது செத்த இலை மாதிரி கிடந்தது.

காற்று வரவில்லை.

கணக்கு தப்பா என்று அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. கணக்கை மூன்று முறை போட்டவள். போனின் விளக்கைப் போட்டுத் துளைக்குள் பார்த்தாள். நாற்பத்தேழு சென்டிமீட்டர் கீழே, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக வழுவழுவென்று ஒரு தட்டு தெரிந்தது. குழாய் முனையை அடைக்கும் நல்ல தரமான எண்ட் கேப்.

“மாமா.”

“சொல்லு.”

“பைப்போட அடியில...”

“கேப் போட்டிருக்கேன். சொல்யூஷன் தடவி. இந்த ஜென்மத்துக்கு வராது.” மாமாவின் முகத்தில் பெருமை வழிந்தது. “படத்துல நீதானே போட்டிருந்த.”

“நானா?”

மாமா பர்ஸிலிருந்து அந்தப் படத்தை எடுத்து விரித்தார். பத்திரமாக வைத்திருந்தார். குறுக்குக் கோட்டில் விரலை வைத்தார். “இது என்ன? பைப் முனையில கோடு போட்டா கேப். முப்பது வருஷமா அப்படித்தான். திறந்த பைப்ப எவனாவது விட்டுட்டு வருவானா? எலி போகும், கரப்பான் போகும்.”

அவள் படத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கோடு அளவு முடியும் இடம். அவருக்கு அது மூடி. இரண்டு பேரும் சரியாகத்தான் படித்திருந்தார்கள். பக்கத்தில் ‘திறந்து விடவும்’ என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும். அந்த இரண்டு சொல்லை மிச்சம் பிடித்து அவள் எதைச் சேர்த்து வைத்தாள்?

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். பெருமை மெல்ல இறங்கியது. “அப்போ... அது திறந்திருக்கணுமா?”

“ம்.”

“போச்சா?”

டைரக்டர் அருகில் வந்தார். “மணி நாலாகப் போகுது. நான் நடிகைகிட்டச் சொல்லிடட்டுமா?”

“அஞ்சு மணின்னு சொன்னீங்க,” என்றாள் அவள்.

மேல் மூடியைக் கழற்ற முடியாது. ஒட்டிய ஒட்டில் அட்டையும் சேர்ந்து கிழிந்து வரும். கீழே ஸ்பீக்கரைக் கழற்றலாம். உருளையைப் படுக்க வைத்து எட்டுத் திருகாணியையும் எடுத்தார்கள். தட்டு அளவுக்கு ஒரு துளை கிடைத்தது. அதற்குள் கை விட்டால், அரை மீட்டருக்கு அப்பால் குழாயின் முனை.

“உடைச்சுடலாமா?” என்றாள் அக்கா.

“உடைச்சா பைப்பே பிளந்துடும்,” என்றார் மாமா. இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து ஒரு முனையில் துணி சுற்றினார். “கேப்புக்கு மேல அறுக்கணும். சுவத்துக்குள்ள இருக்கிற பைப்ப அறுக்கிறதில்லையா? கண்ணு தெரியாம செய்ற வேலைதான் நமக்குப் பாதி வேலை.”

“மேல அறுத்தா நீளம் குறையுமே?” என்றார் டைரக்டர். இத்தனை நாள் கூட இருந்ததில் அவருக்கும் கொஞ்சம் விஷயம் ஒட்டியிருந்தது.

“அஞ்சு சென்டிமீட்டர் குறையும்,” என்றாள் அவள். மனசுக்குள் கணக்கு ஓடியது, நின்றது. “ரயில்ல ஒரு பெட்டி குறையும். பரவாயில்ல.”

மாமா தரையில் ஒருக்களித்துப் படுத்து, வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டார். கன்னம் பிளைவுட்டில் அழுந்தியது. பிளேடை இழுத்ததும் உள்ளே குழாய் துள்ளியது. பிடிமானம் இல்லாமல் அறுக்க முடியாது. அவள் மறுபக்கம் போய் முழந்தாளிட்டு, மேல் மூடியின் துளை வழியே தன் மெலிந்த கையைக் குழாய்க்குள் முழங்கை தாண்டி இறக்கி, விரல்களை விரித்து உட்சுவரில் அழுத்தினாள். உருளையின் இரண்டு முனையிலும் ஒவ்வொருவராக இரண்டு பேர், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல்.

பிளேடு ஓடியது. பல்லின் ஒவ்வொரு இழுப்பும் அவள் விரல் நுனியில் வந்து ஏறியது. அவருக்கு ஒன்றும் தெரியாது, கை மட்டும்தான் போகிறது. அவளுக்குத் தெரிந்தது.

“சாயுது மாமா. நேரா.”

“ம்.”

“இன்னும் உங்க பக்கம். அப்படித்தான். அந்தக் கோட்டுலயே போங்க. மெதுவா, மெதுவா. இப்போ பைப்பத் திருப்ப முடியாது, நீங்க கையத் திருப்பி அடிப்பக்கமா வாங்க. வலது... இல்ல, உங்களுக்கு இடது. ஆங். அங்க ஒரு மில்லிமீட்டர் மேல ஏறிட்டீங்க, இறங்குங்க.”

“ம்.”

“என் விரல் கிட்ட வந்துட்டீங்க. நில்லுங்க. நான் எடுத்துக்கிறேன். இப்போ இழுங்க.”

அக்கா டைரக்டரிடம் சொன்னாள்: “இவ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. அவர் இவ்வளவு நேரம் வாய மூடியும் பார்த்ததில்ல. எனக்குப் பயமா இருக்கு.”

நாலே முக்காலுக்கு உள்ளே டக் என்று ஏதோ விழுந்தது. மாமா கையை வெளியே எடுத்தார். தோளில் வட்டமாகச் சிவந்த தடம். கையில் எண்ட் கேப், அதன் விளிம்பில் ஒரு வளையமாக அறுபட்ட குழாய். அறுப்பு ஓரிடத்தில் கொஞ்சம் படியாக இருந்தது. மற்றபடி நேர்.

உருளையைச் சரித்துத் தட்டி, வெள்ளைப் பொடி முழுவதையும் ஈரத் துணியால் துடைத்து எடுத்தார்கள். ஸ்பீக்கரை முடுக்கினார்கள். நிமிர்த்தினார்கள். அவள் கைக்குட்டைக்குக் கையை நீட்டியபோது, டைரக்டர் சட்டைப் பையிலிருந்து அந்த மருந்துக் கவரை எடுத்துத் துளைமீது தானே வைத்தார்.

ரயில் முதலில் தரையில் வந்தது. காதுக்கு ஒன்றும் இல்லை. காலணிக்குள் பாதத்தின் அடியில் ஏதோ நகர்வதுபோல் இருந்தது. பிறகு மரப் படிகளின் ஆணிகள் முனகின. கவர் எழும்பி, நடுங்கி, ஓரமாக நகர்ந்து கீழே விழுந்தது. டைரக்டர் குனிந்து அதை எடுத்து மறுபடியும் பையிலேயே வைத்துக்கொண்டார்.

“இருக்கட்டும்,” என்றார். “எதுக்கும்.”

ஆறரைக்கு அரங்கம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சின்ன மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஆம்ப்ளிஃபயர், ஒரு கடிகாரம். அவளுக்கு நேர் முன்னால் மாமாவும் அக்காவும். மாமா காட்சிக்குக் காட்சி அக்காவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. மேசை, இரண்டு நாற்காலி, பெட்டி, பின்னால் அலமாரியில் ஆறு கண்ணாடிக் கோப்பைகள். பேச்சு நின்றது. பத்து விநாடி. யாரோ இருமினார். மூன்றாவது வரிசையில் ஒரு போன் வெளிச்சம் எழுந்தது. அவள் அவசரப்படவில்லை. இருபது விநாடி என்று எழுதியிருந்தாள், இருபது வரை எண்ணினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

எதுவும் கேட்கவில்லை. ஆனால் போன் வெளிச்சம் அணைந்தது. அந்த ஆள் தன் இருக்கையைக் கீழே குனிந்து பார்த்தான். ஒருத்தி தன் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். படி படியாக, வரிசை வரிசையாக, ஜனங்கள் முதுகை நிமிர்த்தினார்கள். வீட்டுக்கு அடியில் ரயில் வந்துகொண்டிருந்தது.

அலமாரியில் கோப்பைகள் கிலுங்கத் தொடங்கின. அதற்காகப் பின்னால் நூல் கட்டி இழுக்க ஒரு ஆள் வைத்திருந்தார்கள். அவன் நூலை இன்னும் தொடவே இல்லை. தானாகக் கிலுங்கின. நடிகை தலையைத் திருப்பினாள். எழுந்தாள். எழுதியதில் அது இல்லை. அலமாரிக்குப் போய், ஓரத்தில் இருந்த கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை வைத்து அதன் நடுக்கத்தை நிறுத்தினாள். அந்த ஒரு கோப்பை மட்டும் பேசாமல் நின்றது. மற்ற ஐந்தும் கிலுங்கின.

ரயில் கடந்தது. தரை அடங்கியது. இரண்டு நிமிடம் முடிந்திருக்க வேண்டும். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நடிகை விரலை எடுக்கவில்லை, கணவன் நிமிரவில்லை, அரங்கத்தில் ஒருவரும் இருமவில்லை. மாமா கண்ணை மூடி, இரு உள்ளங்கையையும் உட்கார்ந்திருந்த பலகைமீது பரப்பி வைத்திருந்தார். பக்கவாட்டில் நின்ற டைரக்டரின் கை பைக்குள் இருந்தது. வெறுங்கையாக வெளியே வந்தது.

நடிகை பெட்டியை எடுத்தாள். விளக்கு அணைந்தது.

உருளையைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு மூவரும் நடந்தே கிளம்பினார்கள். முதல் தெரு முடியும் வரை மாமா வாயைத் திறக்கவில்லை. அக்கா இரண்டு முறை அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மச்சினி,” என்றார் கடைசியில்.

“ம்.”

“நான் அத அடைச்சே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? எனக்குச் சரியா விளங்கல. ஓட்டை இருந்தா சத்தம் வெளிய போயிடாதா? அடைச்சாத்தானே உள்ள நிக்கும்?”

அவள் நின்றாள். விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் கைப்பையைத் துழாவி, அந்த எண்ட் கேப்பை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தாள்.

“இப்போ பாருங்க மாமா,” என்று ஆரம்பித்தாள். “உள்ள இருக்கிற காத்த ஒரு ஸ்பிரிங்குன்னு வச்சுக்கோங்க...”

பஸ் நிறுத்தம் வரை பேசிக்கொண்டே போனாள். மாமா ம் கொட்டிக்கொண்டே போனார்.